கேக் வெட்டுவதற்கு முன்னால்: மருத்துவமனை ஊழியர் நலனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே 12, செவிலியர் தினம். காலை ஒன்பதரை மணி. தரைத்தளத்தில் பலூன் கட்டி, மூன்று கிலோ கேக் வாங்கி வைத்து, நிர்வாக இயக்குநருக்காகக் காத்திருந்தோம். முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு டியூட்டிக்கு வந்தவர்களையும் "போட்டோ எடுத்துட்டுப் போங்க" என்று நிறுத்தி வைத்திருந்தோம். உறுதிமொழி வாசிக்கும்போது கடைசி வரிசையில் ஒரு சிஸ்டர், கையில் எரியும் மெழுகுவத்தியோடு, சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டார். சூடான மெழுகு விரலில் சொட்டித்தான் விழித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நைட் டியூட்டிக்காரர்கள் யாரும் கிளம்பக் கூடாது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான்.

அப்போது நான் செவிலியர்களுக்கு மேலதிகாரியான நர்சிங் சூப்பரின்டெண்டென்ட். பிறகு நிர்வாகப் பக்கம் வந்தேன். இந்த வழிகாட்டி 50 முதல் 200 படுக்கை வரை உள்ள தனியார் மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதியது. தனியாக நலத்துறை வைக்க முடியாத, ஒரே எச்.ஆர். ஆள் பயோமெட்ரிக்கையும் பார்த்து தீபாவளி ஸ்வீட்டையும் பார்க்கும் இடங்கள். பெரிய கல்லூரி மருத்துவமனைக்கு இதில் பாதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலில் 'பர்ன்அவுட்'டை விளக்கியபோது அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வரும் நிலை, வேலையிடம் சார்ந்தது என்றது. உடம்பில் தெம்பு வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பும் விலகலும் வருவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றுவது என மூன்று அடையாளங்களையும் சொன்னது. வேலையிடத்தால் வருகிறது என்றால் வைத்தியமும் வேலையிடத்துக்குத்தான். யோகா வகுப்பு நல்லதுதான். ஆனால் அதை எட்டாவது படியில் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: ஓர் இரவு முழுக்க வார்டில் இருங்கள்

எந்தத் திட்டமும் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வார்டுக்குப் பொறுப்பான செவிலியரிடம் (இன்சார்ஜ்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரெய்டு வந்ததுபோல இருக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்கு டியூட்டி கைமாறும் ஹேண்ட்ஓவரில் நின்று, காலை எட்டு மணி ஹேண்ட்ஓவர் முடியும்வரை இருங்கள். ஒரு சின்ன நோட்டில் நான்கே விஷயங்களைக் குறியுங்கள்: எப்போது முதல்முறை உட்கார்ந்தார்கள், எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தண்ணீர் குடித்தார்கள், எப்போது கழிப்பறை போனார்கள். பெயர் எழுதாதீர்கள்.

நான் முதன்முதலில் இப்படி உட்கார்ந்தது ஐசியூவில். ஒரு சிஸ்டர் 10.40-க்கு டிபன் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சை சாதம். இரண்டு வாய் வைப்பதற்குள் மானிட்டர் அலறியது. மூடி வைத்தவர் மறுபடி திறந்தது 2.15-க்கு. அவருடைய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலையில் பார்த்தபோதும் முக்கால் பாகம் அப்படியே இருந்தது. "ஏம்மா குடிக்கவே இல்ல?" என்று கேட்டேன். "குடிச்சா பாத்ரூம் போகணும் மேடம். பாத்ரூம் கீழ் மாடியில இருக்கு. நான் போயிட்டா பெட்டை யார் பாக்குறது?" என்றார். இருபது வருடம் அந்தத் தளத்தில் நடந்திருக்கிறேன், அங்கே ஊழியர் கழிப்பறை இல்லை என்பது எனக்கு உறைத்ததே இல்லை. நான் இருந்த மேட்ரன் அறைக்குத் தனிக் கழிப்பறை இருந்தது, அதனால்.

அதற்கு அடுத்த வாரம் கேட்பதற்காக உட்காருங்கள். செவிலியர், டியூட்டி டாக்டர், லேப் மற்றும் எக்ஸ்ரே டெக்னீஷியன், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ் டிரைவர் என்று தனித்தனியாக. எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் டாக்டர்கள் மட்டும்தான் பேசுவார்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் பெரும்பாலும் கான்ட்ராக்டில் இருப்பவர்கள், சூப்பர்வைசர் எதிரில் வாயே திறக்கமாட்டார்கள். அவர்களோடு பேச நல்ல இடம், மதியம் அவர்கள் சாப்பிட உட்காரும் படிக்கட்டு. அவர்கள் ஏன் படிக்கட்டில் சாப்பிடுகிறார்கள் என்பதும் அங்கே போனால்தான் தெரியும்.

கேள்விகள் மூன்று போதும். இங்கே உங்களுக்கு அதிகமாகக் கஷ்டம் கொடுப்பது எது? போன மாதம் எந்த நாளில் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது? நாளைக்கே மாற்றக்கூடிய ஒன்று இருந்தால் எது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களில் பாதி ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலையாக இருக்கும். அவற்றை இரண்டு வாரத்துக்குள் செய்துவிடுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாவிட்டால், அடுத்த முறை "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்பதுதான் பதிலாக வரும்.

படி 2: கழிப்பறை, தண்ணீர், நாற்காலி, பூட்டுள்ள அறை

ஒவ்வொரு தளத்திலும் பெண் ஊழியர்களுக்கு ஒரு கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள், மூடியுள்ள குப்பைத் தொட்டி, நாப்கின். ஆண் ஊழியர்களுக்கும் அதேபோல. தண்ணீர் பாட்டிலை நர்சிங் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்று தரச்சான்று ஆய்வின்போது சொல்லியிருப்பார்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுக்கு அது சரிதான். ஆனால் அப்படிச் சொல்லும்போதே, நான்கு எட்டில் எட்டுகிற ஓர் அலமாரியை 'தண்ணீர் இங்கே' என்று ஒதுக்க வேண்டும்.

2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நாள் முழுக்க நின்றே விற்ற ஜவுளிக்கடைப் பெண்களை வைத்து எழுந்த கோரிக்கை அது. சட்டம் கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும்தான். ஆனால் பில்லிங் கவுண்டரிலும் பார்மசியிலும் ஓபி வாசலிலும் எட்டு மணி நேரம் நிற்பவர்களின் கால் நரம்புக்கு எந்தச் சட்டம் யாருக்கு என்று தெரியாது. உயரமான ஸ்டூல் போதும்.

அறை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் 1973-இல் தாக்கப்பட்டு, 41 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே படுக்கையில் கிடந்து 2015-இல் இறந்த செவிலியர் அருணா ஷான்பாக், தாக்கப்பட்டபோது உடை மாற்றிக்கொண்டிருந்தது கட்டடத்தின் அடித்தளத்தில். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட முதுநிலைப் பயிற்சி மருத்துவர், நீண்ட டியூட்டிக்கு நடுவே ஓய்வெடுக்கப் போனது ஒரு கருத்தரங்கு அறைக்கு. ஐம்பது வருட இடைவெளி. இரண்டு இடத்திலும் உடை மாற்றவோ படுக்கவோ என்று பாதுகாப்பான தனி இடம் இல்லை. உள்பக்கம் பூட்டு, வெளிப்பக்கம் விளக்கு, தாழ்வாரத்தில் கேமரா, படுக்கை, போர்வை, சார்ஜர் பாயின்ட். இதற்கு ஒரு பேயிங் ரூமின் மாத வருமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுங்கள்.

படி 3: டியூட்டி ரோஸ்டர்

யாருக்கு எந்த ஷிப்ட், என்றைக்கு விடுப்பு என்று எழுதும் தாள் இது. ஊழியரின் தூக்கம், குழந்தை, கல்யாணம், முதுகுவலி எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கிறது. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் கணக்கு. நம் ஊரில் பல இடங்களில் காலை 8–2, மதியம் 2–8, இரவு 8–8 என்று ஓடும். ஒரு செவிலியர் இடத்தை 24 மணி நேரமும் நிரப்ப ஒரு நாளைக்கு மூன்று டியூட்டி, வருடத்துக்கு 1,095 டியூட்டி. ஒரு செவிலியர் வருடத்தில் எத்தனை நாள் வருவார்? 365-இல் வார விடுப்பு 52, பண்டிகை விடுமுறை 9, தற்செயல் விடுப்பு (சி.எல்.), மருத்துவ விடுப்பு, ஈட்டிய விடுப்பு தலா 12 என்று வைத்தால் மிச்சம் 268 நாள். 1,095-ஐ 268-ஆல் வகுத்தால் நான்குக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அதாவது ஓர் இடத்துக்கு நான்கு பேர் வேண்டும். நிர்வாகம் "மூணு ஷிப்ட், மூணு பேர்" என்று கணக்குப் போடும் இடத்தில், அந்த நான்காவது ஆளின் வேலையை மற்ற மூவரும் டபுள் டியூட்டியாகவும், கிடைக்காத லீவாகவும் சுமக்கிறார்கள். யாருக்காவது பிரசவ விடுப்பு வந்தால் அவ்வளவுதான். பற்றாக்குறை அன்றைக்குத் திடீரென்று வந்ததல்ல, ஆள் எடுக்கும்போதே எழுதி வைத்தது. இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி இயக்குநர் மேசையில் வையுங்கள். கூடவே, வேலையை விட்டுப் போன ஒருவருக்குப் பதில் ஆள் எடுத்துப் பழக்க ஆகும் செலவையும் எழுதுங்கள். கருணையைவிட இந்தத் தாள் சீக்கிரம் வேலை செய்யும். எனக்குச் செய்தது.

அடுத்து ஆள் விகிதம். வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது வார்டில் ஆறு பேருக்கு ஒருவர் என்பது நம் நாட்டில் பரவலாகப் பேசப்படும் அளவு. உங்கள் வார்டில் இரவில் எவ்வளவு என்று எண்ணுங்கள். பகல் எண்ணிக்கையைச் சொல்லி ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் சுழற்சி. காலையிலிருந்து மதியத்துக்கு, மதியத்திலிருந்து இரவுக்கு என்று முன்னோக்கி மாறினால் உடம்பு ஓரளவு ஒத்துப்போகும். தலைகீழாக மாற்றினால் திணறும். தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் போடாதீர்கள். பதினைந்து நாள் நைட், பதினைந்து நாள் டே என்பதெல்லாம் ரோஸ்டர் எழுதுகிறவருக்குத்தான் சுலபம். இரவுப் பணி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் அதிகம் என்ற வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-இல் வைத்தது, 2019-இல் மறுபடி பார்த்தும் அதே வகையில்தான் வைத்தது. நைட்டை ஒழிக்க முடியாது. குறைத்துப் பங்கிடலாம்.

ஒரு தந்திரத்தை உடனே நிறுத்துங்கள். நைட் முடித்துக் காலை எட்டு மணிக்கு இறங்கும் நாளையே 'வீக் ஆஃப்' என்று எழுதுவது. எட்டு மணிக்கு இறங்கி, ஹேண்ட்ஓவர் முடித்து, பஸ் பிடித்து வீடு சேரப் பத்தாகிவிடும். சமைத்துவிட்டுப் படுத்தால் மாலை. மறுநாள் காலை டியூட்டி. அது ஓய்வு நாள் இல்லை, தூங்கும் நாள். வார விடுப்பு அதற்கு அடுத்த நாள்தான் வர வேண்டும்.

இரவு மூன்று மணி முதல் ஐந்து வரை உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஆகும் நேரம். அதற்கு முன்போ நடுவிலோ 20 நிமிடத் தூக்கத்தை முறைப்படி அனுமதியுங்கள், யார் எப்போது என்று எழுதி, பக்கத்து ஆளிடம் பெட்டை ஒப்படைத்து. திருட்டுத்தனமாக மேசையில் தலை வைப்பதைவிட இது நோயாளிக்கும் பாதுகாப்பு. டூ வீலரில் போகிறவர்கள் காலையில் கண் சொருகினால் கொஞ்சம் படுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று சொல்லி வையுங்கள்.

டியூட்டி டாக்டர்களை மறந்துவிடுவோம், கோட் போட்டிருப்பதால். பயிற்சி மருத்துவர்களுக்கான மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் 1992-லேயே வாரம் 48 மணி, தொடர்ச்சியாக 12 மணிக்கு மேல் கூடாது என்றது. நடப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். 1997-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, 24 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம் ரத்தத்தில் 0.10 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று காட்டியது. இந்தியாவில் 0.03 தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. 36 மணி நேர டியூட்டியில் இருப்பவர் கையில் நாம் ஸ்கால்பெல் கொடுக்கிறோம்.

படி 4: ஊசி குத்தினால் முதல் வாக்கியம்

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி ஊழியர் கையில் தவறிக் குத்திய அன்று "கவனமா இருக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்த வார்டில் யாருக்கும் ஊசி குத்தாது. அதாவது யாரும் சொல்லமாட்டார்கள். "சொன்னது நல்லதும்மா, வா, கை கழுவு" என்று தொடங்குங்கள்.

சோப்பும் ஓடும் தண்ணீரும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, பிளீச் ஊற்றக் கூடாது. எந்த நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி என்று தெரிந்தால் அவருடைய ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். இரவு ஒரு மணிக்கு அந்த மருந்து எங்கே கிடைக்கும், சாவி யாரிடம் என்பது எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த 28 நாளும் தெரிந்தவர் ஒருவர் தினமும் "தலை சுத்துதா, வாந்தி வருதா, வீட்டுல சொன்னியா?" என்று கேட்பது. ஒரு புது மணப்பெண் அந்த மாத்திரைகளை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்துச் சாப்பிட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என மூன்று டோஸ். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு சக்தி வந்ததா என்று பரிசோதனை. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும், சேரும்போதும் வருடம் ஒருமுறையும் உடல் பரிசோதனையும் கட்டாயம் என்கின்றன. கான்ட்ராக்ட் ஆட்கள் இதில் விலக்கு இல்லை. மஞ்சள் பையைத் தூக்கும்போது அதில் தவறிக் கிடந்த ஊசி குத்துவது அவர்களுக்குத்தான்.

முதுகுக்கு ஒரு வரி: நோயாளியைத் தூக்காமல் வழுக்கி நகர்த்தும் விரிப்பு (ஸ்லைடு ஷீட்) வாங்குங்கள், தனியாளாகத் தூக்கத் தடை போடுங்கள்.

படி 5: அடிக்க வருபவர்களும் தொட வருபவர்களும்

தகராறு பெரும்பாலும் இரண்டு நேரத்தில் வெடிக்கிறது: மரணச் செய்தி சொல்லும்போது, பில் கையில் வரும்போது. இரண்டையும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு செய்யாதீர்கள். உட்காரும் அறை, சீனியர் டாக்டர், கூட ஒருவர். பயிற்சி டாக்டரைத் தனியாக அனுப்பிச் செய்தி சொல்லவைக்கும் சீனியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடி வாங்குவதும் அந்தப் பையன்தான்.

தமிழ்நாட்டில் 2008-லிருந்தே மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான தனிச் சட்டம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை, தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனமே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், பொறுப்பு நிறுவனத் தலைவருடையது என்றது. அந்த உத்தரவு மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது, தனியாரும் அதையே விதியாக வைத்துக்கொள்ளலாம். அடி வாங்கிய சிஸ்டரை ஆட்டோவில் ஏற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலை டியூட்டிக்கு எதிர்பார்ப்பது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பாலியல் தொல்லைப் புகாருக்கு 2013 சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். குழுவின் பெயர்ப்பலகை டைரக்டர் அறை வாசலில் இருந்தால் யாரும் படிக்கமாட்டார்கள். பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் ஒட்டுங்கள். பெயரும் போன் நம்பரும் தெரியட்டும்.

படி 6: பணம்

சம்பளத்தைப் பேசாமல் நலனைப் பேசுவது நெய் இல்லாத பொங்கல். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசு செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 100–200 என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50–100 என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, எங்கேயும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. உங்கள் சம்பளப் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடனே எட்ட முடியாவிட்டால் மூன்று வருடத் திட்டம் போட்டு ஊழியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வைப்பதை 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்திக் கடமையாக்கினார்கள், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். தனியாக நடத்த முடியாத இடங்கள் பக்கத்துப் பள்ளியோடு ஏற்பாடு செய்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

படி 7: மரணத்துக்குப் பிறகும் தவறுக்குப் பிறகும்

ஓர் உயிர் போன பத்தாவது நிமிடம் அந்த பெட்டைத் துடைத்து அடுத்த நோயாளியை ஏற்றுகிறோம். வேறு வழியில்லை. ஆனால் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு செவிலியர் தொடங்கிய சின்னப் பழக்கம் ஒன்று உண்டு. யாராவது இறந்ததும், காப்பாற்றப் பாடுபட்ட எல்லோரும் அந்தப் படுக்கையைச் சுற்றி முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். இறந்தவருக்காகவும், முயன்றவர்களுக்காகவும். நாங்கள் இதைத் தொடங்கியபோது ஒரு டாக்டர் "டைம் வேஸ்ட்" என்றார். மூன்றாவது வாரம் எட்டு வயதுப் பையன் ஒருவன் போனான். அன்று அந்த டாக்டர்தான் "நில்லுங்க" என்றார்.

தவறு இன்னும் கடினம். எங்கள் வார்டில் ஒரே நாளில் இரண்டு லட்சுமி. ஒருவருக்குப் போட வேண்டிய இன்சுலினை ஒரு புது ஸ்டாஃப் மற்றவருக்குப் போட்டுவிட்டார். சர்க்கரை இறங்கியது, குளுக்கோஸ் (டெக்ஸ்ட்ரோஸ்) ஏற்றினோம், பாட்டி பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண் ஸ்டோர் ரூமில் சலைன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கையைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் முதலில் போய்ச் சேர்ந்தது விளக்கம் கேட்கும் மெமோ. கொடுத்தவர் இன்சார்ஜ், எழுதச் சொன்னது நிர்வாகம்.

இப்படி இடிந்துபோகும் ஊழியரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று 2000-இல் ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அந்தச் சொல்லைப் பிடிக்காத நோயாளிக் குடும்பங்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெயர் எதுவானாலும் செய்ய வேண்டிய வரிசை இதுதான். முதலில் நோயாளி. அவருக்கும் குடும்பத்துக்கும் நடந்ததை மறைக்காமல் சொல்வது. அடுத்த பதினைந்து நிமிடத்துக்குள் ஊழியர். "நீ வா, உட்காரு. பேஷன்ட்டை நான் பாத்துக்கிறேன். தண்ணி குடி." அன்று மிச்ச டியூட்டிக்கு மாற்று ஆள். வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். மறுநாள் ஒரு போன். விசாரணை அதற்குப் பிறகுதான், அதுவும் 'யார்' என்று தொடங்காமல் 'எப்படி நடந்தது' என்று. எங்கள் விஷயத்தில் பதில் எளிது: ஒரே பெயர் கொண்டவர்கள் அடுத்தடுத்த பெட்டில், கையில் அடையாளப் பட்டை இல்லை, அன்றைக்கு அந்த ஸ்டாஃபுக்கு டபுள் டியூட்டி. மூன்றையும் சரிசெய்தோம். வேண்டுமென்றே விதியை மீறுபவர், குடித்துவிட்டு வருபவர் வேறு கதை. அவர்களிடம் கண்டிப்பு தேவை. எல்லாவற்றையும் மன்னிப்பதும் மற்ற ஊழியர்களுக்குச் செய்யும் அநியாயம்தான்.

மாதம் ஒரு கூட்டமும் வைக்கலாம். 1995-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற பாஸ்டன் வழக்கறிஞர், தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் பரிவே தாங்க முடியாததைத் தாங்க வைத்தது என்று எழுதிவிட்டுப் போனார். அவர் பெயரில் தொடங்கிய 'ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்' இன்று பல நாடுகளில் நடக்கிறது. கேஸைப் பற்றிப் பேசமாட்டார்கள், அந்தக் கேஸ் தங்களை என்ன செய்தது என்று பேசுவார்கள். நாங்கள் கடைசி வியாழக்கிழமை 2.15-க்கு, டீயும் சுண்டலும் வைத்துத் தொடங்கினோம். முதல் கூட்டத்தில் இருபது நிமிடம் சுண்டல் மெல்லும் சத்தம் மட்டும்தான். பிறகு ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் ஒருவர், பைபாஸில் அள்ளிவந்த ஒரு காலேஜ் பையனின் போன் வழியெல்லாம் அடித்துக்கொண்டே இருந்ததைச் சொன்னார். திரையில் 'அம்மா' என்று இருந்ததாம். அதற்குப் பிறகு யாரையும் பேசச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படி 8: மனநல உதவி

இங்கேதான் யோகா, கவுன்சலிங் எல்லாம் வருகிறது. ஒரே எச்சரிக்கை: கவுன்சலர் வெளியாளாக இருக்கட்டும். சொந்த மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்பினால் ஓபி பதிவு விழும், அந்தப் பெயர் லேப், பார்மசி, பில்லிங் என்று எல்லாத் திரையிலும் வரும். மதியத்துக்குள் கேன்டீனுக்குத் தெரிந்துவிடும். மனநலத் தகவல் ரகசியம் என்பது 2017 மனநலச் சட்டம் தரும் உரிமை. கவுன்சலரிடமிருந்து நிர்வாகத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் வரட்டும், பெயர் வேண்டாம்.

காசில்லாத இடங்களுக்கு 14416 இருக்கிறது. டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவி எண், தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்று 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். ஒருவர் "இருந்து என்ன பிரயோஜனம்" என்பதுபோல் பேசினால் அதை அலுப்பு என்று தள்ளிவிடாமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. மருந்து அலமாரிச் சாவி நம் கையிலேயே இருக்கும் தொழில் இது, அதனால் தாமதிக்காதீர்கள், தனியாக விடாதீர்கள்.

படி 9: இன்சார்ஜ்கள்

நரம்பில் ஊசி (வெயின்) நன்றாகப் போடுகிறார் என்பதற்காக ஒருவரை இன்சார்ஜ் ஆக்குகிறோம். ஆளைப் பார்த்துக்கொள்ள யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவருக்கு மூன்று பழக்கம் போதும்: டியூட்டி தொடங்கும்போது ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து ஒரு வார்த்தை, தப்பைத் தனியாகவும் நல்லதை எல்லோர் முன்பும் சொல்வது, டியூட்டி முடிந்தவரை வாட்ஸ்அப்பில் தொல்லை செய்யாமல் இருப்பது. இன்சார்ஜுக்கும் வார விடுப்பு கொடுங்கள், அன்று போன் செய்யாதீர்கள்.

நோயாளி எதிரில் சிஸ்டரைத் திட்டும் சீனியர் டாக்டர் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார். அவர்தான் அதிக வருமானம் கொண்டுவருபவராகவும் இருப்பார். அவரிடம் இயக்குநர் ஒருமுறை பேசினால் நடப்பது, நாம் பத்து போஸ்டர் ஒட்டினாலும் நடக்காது.

படி 10: எதை எண்ணுவது

திருப்திக் கருத்துக்கணிப்பு வேண்டாம், எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போடுவார்கள். மாதாமாதம் இவற்றை எண்ணுங்கள்: எத்தனை டபுள் டியூட்டி, கேட்ட லீவில் எத்தனை கிடைத்தது, ஊசி குத்தியதாகச் சொன்னவர்கள் எத்தனை பேர், ஒரு வருடத்துக்குள் எத்தனை பேர் விலகினார்கள். ஊசி எண்ணிக்கை முதல் ஆறு மாதம் ஏறும். பயப்படாதீர்கள், சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

விலகல் கடிதங்களில் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்றுதான் இருக்கும். இரண்டு மாதம் கழித்து, அனுபவச் சான்றிதழ் கைக்குப் போன பிறகு, ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட ஒரு பெண், "குடும்பச் சூழ்நிலையெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். அப்பா திவசத்துக்கு லீவு கேட்டேன். மூணு வருஷமும் அன்னைக்கு நைட் போட்டாங்க" என்றார். யாரும் வேண்டுமென்று போடவில்லை. ரோஸ்டர் எழுதியவருக்கு அந்தத் தேதி தெரியாது, அவ்வளவுதான். இப்போது ரோஸ்டர் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல் இருக்கிறது. திவசம், காதுகுத்து, பிள்ளைகளின் பரீட்சை, ஊர்த் திருவிழா. அடுத்த மாதத்துக்கானதை இருபதாம் தேதிக்குள் அவரவரே வந்து எழுதிவிட்டுப் போகிறார்கள்.